ஒரு சிறு குறியும் திறந்து கிடந்த கதவும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆழிப்பேரலை அனர்த்தத்தின் இருபதாவது ஆண்டு நினைவு நெருங்கிக் கொண்டிருந்த வேளையில், கோமாரியிலிருந்து ஆசிரியர் ஒருவர் எமக்கு மின்னஞ்சல் ஒன்றை அனுப்பியிருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன தமது பிரதேசத்து மக்களின் பெயர்களைத் திரட்டும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்து, இலங்கையிலேயே மிகக்கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறையாகும். அந்நாட்களில் நாம் வெளியிட்ட பெயர்ப் பட்டியல்கள் எமது இணையத்தளத்தின் ஆவணப் பகுதியில் இருக்கின்றன. அவற்றிலே, தமது தந்தையாருடன் கரைவலை இழுத்த மஸ்ஊத் என்பவரின் பெயரை அவர் தேடியிருக்கிறார்.

அக்காலத்தில் யுனிகோட் எழுத்துமுறை எம்மிடையே பரவியிருக்கவில்லை. பாமினி எழுத்துருவில் ஏற்றப்பட்ட பக்கங்களில் எதையும் தேடிக் கண்டுபிடிப்பது இயலாத காரியமாக இருந்தது. ஆகவே, பெயர்களை ஆங்கில எழுத்துக்களிலும் பதிந்து வைத்திருந்தோம். ஆசிரியரும் மஸ்ஊத் என்னும் பெயரை ஆங்கிலத்திலேயே எழுதித் தேடினார். அரபு மொழியின் ஐன், ஹம்ஸா ஆகிய எழுத்துக்களின் ஒலியை ஆங்கிலத்தில் காட்டும்போது, எழுத்துக்களுக்கு இடையே மேலாக ஒரு சிறு குறியை இடுவது வழக்கம். குர்ஆன் என்னும் சொல்லிலும் ஜும்ஆ என்னும் சொல்லிலும் அது வரும். ஒற்றை மேற்கோள் குறி என நாம் சொல்லும் அதே குறிதான் அது. அந்தக் குறியோடு அவர் பெயரை எழுதித் தேடியபோது, பட்டியல் வரவில்லை. மாறாக, ஆங்கிலத்தில் சில விசித்திரமான வரிகள் திரையில் தோன்றின. கட்டளையின் இலக்கணத்தில் பிழை இருப்பதாகவும், அப்பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்பதாகவும் அவ்வரிகள் கூறின. அவற்றோடு எமது தரவுத்தளத்தின் அட்டவணை ஒன்றின் பெயரும் வெளிப்பட்டிருந்தது. அதனைப் படமெடுத்து அனுப்பிய ஆசிரியர், தளத்தில் ஏதோ பழுது ஏற்பட்டிருக்கிறது, பார்த்துத் திருத்துங்கள் எனப் பணிவோடு கேட்டிருந்தார்.

நாமும் அதனைச் சிறு பழுதென்றே எண்ணினோம். ஆனால், தொழில்நுட்பம் அறிந்த நண்பர் ஒருவரிடம் படத்தைக் காட்டியபோது, அவர் அதனைப் பழுது என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டின் முன்கதவு பல ஆண்டுகளாகப் பூட்டப்படாமலே இருந்திருக்கிறது என்றார். அன்றே அத்தேடல் வசதியை நிறுத்தினோம். எமது குறையை நாமே பகிரங்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே குறை, இத்தேசத்தில் எத்தனையோ சங்கங்களின், பாடசாலைகளின், பள்ளிவாசல்களின், ஆலயங்களின், பத்திரிகைகளின் தளங்களில் இன்றும் இருக்கக்கூடும். அது என்ன குறை, எப்படி நேர்கிறது, யாருக்கு அதனால் ஆபத்து என்பதைக் கணினித்துறை கல்லாத எம்மைப் போன்றவர்களும் விளங்கிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆரம்ப காலத்தில் இணையத்தளமொன்றின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக எழுதி வைக்கப்பட்டது. இன்று பெரும்பாலான தளங்கள் அவ்வாறு இயங்குவதில்லை. செய்திகள், படங்கள், வாசகர்களின் பெயர்கள், ஆசிரியபீடத்தாரின் கடவுச்சொற்கள் யாவும் தரவுத்தளம் எனப்படும் ஒரு களஞ்சியத்தில் அட்டவணைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும் கணத்தில், அக்களஞ்சியத்திலிருந்து வேண்டியவற்றை எடுத்துப் பக்கமாகக் கோத்துக் கொடுக்கும் மென்பொருளையே உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்கிறோம். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் என்பன அவற்றுள் உலகெங்கும் பரவியவை. எமது நாட்டின் அரச தளங்கள் பலவும் ஜூம்லாவைக் கொண்டு மும்மொழிகளிலும் அமைக்கப்பட்டவையே.

இம்மென்பொருள் களஞ்சியத்தோடு பேசுவதற்கு ஒரு மொழி இருக்கிறது. 1974ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களான டொனல்ட் சேம்பர்லின், ரேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் வெளிப்படுத்திய அம்மொழியே இன்று எஸ்.கியூ.எல். என்று அழைக்கப்படுகிறது. எளிய ஆங்கில வாக்கியங்களைப் போன்ற கட்டளைகளால் ஆனது அது. ‘இன்ன அட்டவணையில், இன்ன பெயருடைய வரிகளை எடுத்துத் தா’ என்பது போன்றவையே அதன் வாக்கியங்கள். அந்த எளிமைதான் அதன் சிறப்பு. அதன் பலவீனமும் அந்த எளிமையிலிருந்தே பிறந்தது.

பிரதேச செயலகம் ஒன்றின் கோவை அறையை உவமையாகக் கொள்வோம். வெளியே கருமபீடத்தில் ஓர் எழுதுவினைஞர் இருக்கிறார். உள்ளே கோவைகளை எடுத்துத் தரும் ஊழியர் இருக்கிறார். உள்ளே இருப்பவருக்கு விண்ணப்பதாரியின் முகம் தெரியாது; துண்டுச் சீட்டில் எழுதி வருவதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவது மட்டுமே அவருடைய கடமை. எழுதுவினைஞரிடம் ஒரு வாக்கியம் ஆயத்தமாக இருக்கிறது: ‘பெயர் ' ' என உள்ளவரின் கோவையைக் கொண்டு வா.’ விண்ணப்பதாரி எழுதித் தரும் பெயரை இரு குறிகளுக்கும் நடுவே அப்படியே பிரதி செய்து உள்ளே அனுப்புவதுதான் அவருடைய வேலை. மரியம் என்று எழுதித் தந்தால் 'மரியம்' என்று உள்ளே போகும். மரியத்தின் கோவை வெளியே வரும்.

உள்ளே இருப்பவர், பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்த இரு மேற்கோள் குறிகளைக் கொண்டே அறிகிறார். குறிகளுக்குள் இருப்பது பெயர். வெளியே இருப்பது கட்டளை. விண்ணப்பதாரியின் பெயரிலேயே அக்குறி ஒன்று இருந்துவிட்டால் என்ன நேரும்? மஸ்ஊத்தின் பெயருக்கு அதுதான் நேர்ந்தது. நடுவிலிருந்த குறியைக் கண்டதும் பெயர் அத்துடன் முடிந்துவிட்டது என்று இயந்திரம் எண்ணிக்கொண்டது. எஞ்சிய எழுத்துக்கள் கட்டளையாகக் கருதப்பட்டன. அப்படியொரு கட்டளை இல்லாமையால், இலக்கணப் பிழை என்று அறிவித்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஓ'பிரையன், டி'அல்மேதா போன்ற பெயர்களுக்கும் இதே கதிதான்.

கள்ளமற்ற ஒரு பெயர் தற்செயலாகக் கட்டளையின் எல்லைக்குள் புகுந்துவிட முடியுமானால், கள்ளமுள்ள ஒருவர் வேண்டுமென்றே புகுவதற்குத் தடையேது? அவர் பெயர்ப் பெட்டியில் மரியம் என்று எழுதி, ஒரு மேற்கோள் குறியை இட்டு, அதன்பின் ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருந்தால்’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார் என வைத்துக்கொள்வோம். ஒன்று எப்போதும் ஒன்றுக்குச் சமமே. ஆகவே எல்லாக் கோவைகளும் அந்த நிபந்தனைக்குள் அடங்கும். உள்ளே இருப்பவர் ஒரு கோவையையல்ல, அறையிலுள்ள அத்தனை கோவைகளையும் அள்ளிக்கொண்டு வருவார். பெயர் எழுதும் இடத்தில் கட்டளையை எழுதி உட்செலுத்தும் இம்முறையைத்தான் எஸ்.கியூ.எல். இன்ஜெக்ஷன் என்கிறார்கள்.

இதன் விளைவுகள் பலவகைப்படும். வாசிக்கத் தகாதவற்றை வாசிக்கலாம். நிர்வாகியின் கடவுச்சொல் உருமாற்றிச் சேமிக்கப்பட்டிருந்தாலும், அது எளிதானதாக இருப்பின் ஊகித்துக் கண்டுபிடித்துத் தளத்தின் தலைவாயிலாலேயே உள்ளே வரலாம். வந்தபின் செய்திகளை மாற்றலாம், அழிக்கலாம், புதியவற்றை எழுதலாம். பிழைச் செய்தியைத் திரையில் காட்டாமல் மறைத்துவிட்டால் போதும் என்று சிலர் கருதுவதுண்டு. அது கதவைப் பூட்டுவதாகாது. ஆம், இல்லை என்ற இரு விடைகள் மட்டும் கிடைக்கத்தக்க கேள்விகளை ஆயிரக்கணக்கில் கேட்டு, தளம் மறுமொழி தரும் விதத்தை அவதானித்தே களஞ்சியத்தை எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறையும் இருக்கிறது. இருளில் தடவிப் பார்ப்பது போன்ற அச்செயலைக் கணினி நிரல் சலிப்பின்றிச் செய்யும்.

உலகின் மிகப்பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையின் இணையத்தளத்தில், அப்போதைய செயலாளர் நாயகம் பான் கீ மூனின் உரைகள் இடம்பெறும் பகுதி மாற்றப்பட்டிருந்தது. சிறுவர்களைக் கொல்ல வேண்டாம் என்று இஸ்ரேலையும் அமெரிக்காவையும் நோக்கி அதில் எழுதப்பட்டிருந்தது. வேண்டாம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லில் வரவேண்டிய ஒற்றை மேற்கோள் குறி மட்டும் அங்கே காணப்படவில்லை. அக்குறியை எழுதியிருந்தால் அவர்கள் உட்செலுத்திய கட்டளையே குலைந்துபோயிருக்கும். இல்லாத அக்குறியையே பாதுகாப்பு ஆய்வாளர்கள் தடயமாகச் சுட்டிக்காட்டினர். கோமாரி ஆசிரியரின் தேடலைத் தடுத்த அதே குறிதான் ஐக்கிய நாடுகள் சபையின் தளத்திலும் நடந்தது என்ன என்பதைக் காட்டிக்கொடுத்தது. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உலகெங்கும் பயன்படும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் சொந்த இணையத்தளமே இம்முறையால் ஊடுருவப்பட்டது. பூட்டுச் செய்பவரின் வீட்டிலேயே களவு போனது போன்றது அது.

இக்குறை புதியதன்று என்பதே கவலைக்குரிய விடயம். 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஜெஃப் ஃபொரிஸ்டல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ‘ஃப்ராக்’ என்ற இலத்திரனியல் சஞ்சிகையில் இதனை விளக்கி எழுதினார். கால் நூற்றாண்டு கடந்த பின்னர், 2024ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதியும் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகவரகமும் எஃப்.பி.ஐ. அமைப்பும் இணைந்து, இவ்வகைக் குறையை அடியோடு ஒழிக்குமாறு மென்பொருள் நிறுவனங்களுக்கு அறிவித்தல் விடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், மூவ்இட் என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த இதே குறையால் உலகெங்கும் ஏராளமான நிறுவனங்களின் தரவுகள் களவாடப்பட்டிருந்தன.

மருந்தில்லாத நோயாக இருந்தால் ஆறுதல் கொள்ளலாம். இதற்கு மருந்து உண்டு, அது விலையுயர்ந்ததுமன்று. மீண்டும் கோவை அறைக்கே செல்வோம். எழுதுவினைஞர் பெயரை வாக்கியத்துக்குள் பிரதி செய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அதற்குப் பதிலாக, ‘முதலாம் கூட்டில் உள்ள பெயருக்குரிய கோவையைக் கொண்டு வா’ என்னும் கட்டளையை முன்கூட்டியே உள்ளே அனுப்பிவிட வேண்டும். பின்னர் பெயரை வேறொரு உறையில் இட்டுத் தனியாக அனுப்ப வேண்டும். அந்த உறைக்குள் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் பெயரே, ஒருபோதும் கட்டளையாகாது. ‘எல்லாக் கோவைகளையும் கொண்டு வா’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அப்படியொரு பெயருடையவர் இல்லை என்ற பதிலே கிடைக்கும். மஸ்ஊத்தின் பெயரோ குறியோடு கூடிய முழுப்பெயராகவே போய்ச் சேரும். முன்னமைத்த கட்டளை என இதனைச் சொல்லலாம். இன்று வழக்கிலுள்ள எல்லா முக்கிய தரவுத்தளங்களும் இவ்வசதியைக் கொண்டிருக்கின்றன.

ஆனால், மருந்தைத் தயாரிப்பவரும் தவறலாம் என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. ட்ரூபலின் ஏழாவது பதிப்பு, இத்தகைய ஊடுருவலைத் தடுப்பதற்காகவே ஒரு தனிப் பகுதியைக் கொண்டிருந்தது. 2014ஆம் ஆண்டில், ஜேர்மனியைச் சேர்ந்த செக்ஷன்ஐன்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், குறை அந்தத் தடுப்புப் பகுதிக்குள்ளேயே இருப்பதைக் கண்டறிந்தார். பல பெயர்களை ஒரே தடவையில் அனுப்பும்போது, கூடுகளுக்கு இலக்கமிடும் வேலையில் வெளியாள் அனுப்பிய எழுத்துக்களும் கலந்துவிட இடமிருந்தது. அதாவது, உறைக்குள் இருந்தது பாதுகாப்பாக இருந்தது. உறையின் மேல் எழுதப்பட்டிருந்த இலக்கமோ கட்டளையாக வாசிக்கப்பட்டது.

அந்த ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி திருத்தம் வெளியிடப்பட்டது. நமது நேரப்படி அப்போது இரவு 9.30 மணி. சில மணிநேரங்களுக்குள்ளேயே தானியங்கி நிரல்கள் உலகிலுள்ள ட்ரூபல் தளங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கின. இரு வாரங்களின் பின்னர், ஒக்டோபர் 29ஆம் திகதி, ட்ரூபல் பாதுகாப்புக் குழு வெளிப்படையான அறிவித்தல் ஒன்றை விடுத்தது. திருத்தம் வெளியான ஏழு மணிநேரத்துக்குள் அதனை ஏற்றிக்கொள்ளாத ஒவ்வொரு தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருதிச் செயற்பட வேண்டும் என்பதே அதன் சாரம். இலங்கையில் இரவு 9.30க்குத் தொடங்கிய அந்தக் கெடு, சுபஹ் தொழுகை வேளை நெருங்கும் 4.30 மணிக்கு முடிந்துவிட்டது. நாம் உறங்கி எழுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பின்னர் திருத்தத்தை ஏற்றினாலும் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே வந்தவர் பின்கதவொன்றை அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஒக்டோபர் 15க்கு முன்னர் எடுத்துவைத்த பிரதியிலிருந்து தளத்தை மீட்டெடுப்பதே வழி என்று கூறப்பட்டது. அத்தகைய பிரதியை எடுத்து வைத்திராதவர்களுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன் விளைந்திருக்கும்?

ஜூம்லாவிலும் இவ்வாறே நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு குறை திருத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் வெளியான 3.7.0 பதிப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்ட வசதியொன்றில் மற்றொரு குறை புகுந்து, மே 17ஆம் திகதி வெளியான 3.7.1 பதிப்பில் நீக்கப்பட்டது. வேர்ட்பிரஸும் 2022 ஜனவரி 6ஆம் திகதி இவ்வகைக் குறையைத் திருத்தும் பதிப்பை வெளியிட்டது. இம்மென்பொருள்கள் தரமற்றவை என்பதல்ல இதன் பொருள். இவற்றை ஆக்குவோர் குறையைக் கண்டதும் திருத்தி இலவசமாகவே வழங்குகின்றனர். அத்திருத்தத்தை ஏற்றிக்கொள்ள மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஆளற்ற வீட்டின் கதை பிரித்தானியாவில் நடந்தது. 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில் டோக்டோக் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 156,959 வாடிக்கையாளர்களின் விபரங்கள் இம்முறையால் களவாடப்பட்டன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விபரங்களும் அவற்றில் அடங்கும். ஊடுருவப்பட்டவை, அந்நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னர் விலைக்கு வாங்கிய வேறொரு நிறுவனத்தின் பழைய பக்கங்கள். அவை இன்னும் இயங்குகின்றன என்பதையே புதிய உரிமையாளர் கவனிக்கவில்லை. அவற்றின் தரவுத்தள மென்பொருளுக்கான திருத்தம் மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. தகவல் ஆணையாளர் விதித்த அபராதம் நான்கு இலட்சம் பவுண். இக்குறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பதினேழு வயதுச் சிறுவன்.

எமது கரையோரத்தில் எத்தனை வீடுகள் இப்படி ஆளின்றிக் கிடக்கின்றன? ஆழிப்பேரலைக்குப் பின்னர் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எத்தனையோ சங்கங்கள் உருவாகின, இணையத்தளங்களும் உருவாகின. பாடசாலையின் ஆண்டு விழாவுக்காகப் பழைய மாணவர் சங்கம் ஒரு தளத்தைத் திறந்து வைக்கும். நாடா வெட்டப்படும், படம் எடுக்கப்படும். அமைத்துக் கொடுத்த இளைஞர் கட்டாருக்கோ துபாய்க்கோ தொழில் தேடிச் சென்றுவிடுவார். கடவுச்சொல் அவரோடு போய்விடும். தளம் மட்டும் அப்படியே இருக்கும். அதன் களஞ்சியத்தில் உறுப்பினர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம் யாவும் இருக்கும். கட்டுவதற்குப் பணம் கொடுக்க முன்வருவோர் பலர். பராமரிப்பதற்குக் கொடுப்போர் அரிது. கிணறு வெட்டிக் கொடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கும். கிணற்றை ஆண்டுதோறும் இறைத்துத் துப்புரவாக்குபவரின் பெயர் எங்கும் இருப்பதில்லை.

பெயர்ப் பட்டியல் களவு போனால் என்ன, அதில் இரகசியமாக என்ன இருக்கிறது என்று கேட்போர் இருக்கலாம். இந்த நாட்டில் அக்கேள்வியை எவரும் இலேசாகக் கேட்டுவிட முடியாது. 1983ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பு வீதிகளில் வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த வீட்டில் தமிழர் வாழ்கின்றனர் என்பதை அவர்களுக்குக் காட்டியது, நிர்வாகத் தேவைக்காகத் தயாரிக்கப்பட்ட சாதாரணமான ஒரு பட்டியல். அன்று தாளில் இருந்ததைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அதே பட்டியலை உலகின் எந்த மூலையிலிருந்தும் சில நிமிடங்களில் பிரதி செய்துகொள்ளலாம். இனவாரியாகவும் ஊர்வாரியாகவும் வரிசைப்படுத்தியும் கொள்ளலாம்.

களவைப் போலவே ஆபத்தானது பொய்யெழுத்து. 2018 பெப்ரவரி பிற்பகுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு பரிமாறப்படுவதாக வதந்தி பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது வெறும் மாச்சத்துக் கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் தீ மூண்டு முடிந்திருந்தது. அது முகநூலில் பரவிய வதந்தி. இணையத்தளம் எதுவும் ஊடுருவப்பட்டு எழுதப்பட்டதன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். யார் எழுதியது என்று தெரியாத ஒரு வரியே இவ்வளவு கேட்டை விளைவித்ததென்றால், மக்கள் நம்பும் ஒரு பத்திரிகையின் பக்கத்திலோ, ஓர் அரச அலுவலகத்தின் அறிவித்தல் பலகையிலோ அத்தகைய வரியொன்றை அந்நியர் எழுதிவிட்டால் என்னவாகும்? கோமாரியில் இருக்கும் ஒருவர் அது மெய்யா பொய்யா என அறிய அம்பாறைக் கச்சேரிக்கு ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. தொலைவில் உள்ளவருக்குத் திரையில் தெரிவதே அலுவலகம். அதில் எழுதியிருப்பதே உத்தியோகத்தரின் வாக்கு.

எமது நாட்டின் அதியுயர் அலுவலகத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டு, சிங்கள மொழியில் ஓர் அறிவித்தல் எழுதப்பட்டிருந்தது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டு வரும் ஏப்ரல் மாதத்தில் நடத்தும் தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு அதில் கேட்கப்பட்டிருந்தது. இலங்கைத் தளங்களின் பாதுகாப்பைக் கவனிக்குமாறும் அதே அறிவித்தல் கூறியது. சில நாட்களில் கடுகண்ணாவையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அவருக்கும் வயது பதினேழு.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறரின் கணினி முறைமைக்குள் நுழைவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். விளையாட்டாகச் செய்தேன், குறையைக் காட்டுவதற்காகச் செய்தேன் என்பன நீதிமன்றில் விடுவிக்கும் காரணங்களாகமாட்டா. இதனை எமது இளைஞர்கள் மனங்கொள்ள வேண்டும். குறையொன்று கண்ணில் பட்டால் அத்துடன் நின்று, தளத்தின் உரிமையாளருக்கோ, 2006ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணிக்கோ அறிவிப்பதே முறை. அதே வேளையில், அறிவிக்க வருபவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கத்தை நிறுவனங்களும் விட்டொழிக்க வேண்டும். கோமாரி ஆசிரியர் எமக்கு எழுதாதிருந்தால், அல்லது அவரைச் சந்தேகித்து நாம் கடிந்திருந்தால், எமது கதவு இன்றும் திறந்தே கிடந்திருக்கும்.

தரவுகளைக் காப்பவரின் பொறுப்பையும் சட்டம் பேசத் தொடங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே இயற்றப்பட்டது. எனினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. சட்டம் முழுமையாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று இஸ்லாம் கூறுகிறது. அடைக்கலப் பொருள் என்று தமிழ் மரபு கூறுகிறது. உறுப்பினர் படிவத்தில் ஒருவர் எழுதித் தந்த அடையாள அட்டை இலக்கமும் அத்தகைய பொருளே.

இணையத்தளம் வைத்திருக்கும் ஒவ்வொரு நிர்வாக சபையும் அடுத்த கூட்டத்திலேயே சில கேள்விகளை எழுப்பலாம். எமது தளம் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் இயங்குகிறது? இறுதியாகத் திருத்தம் ஏற்றப்பட்டது எப்போது? அதற்குப் பொறுப்பானவர் யார்? நிர்வாகக் கடவுச்சொல் சங்கத்திடம் இருக்கிறதா, அல்லது வெளிநாடு சென்றுவிட்ட ஒருவரிடம் மட்டும் இருக்கிறதா? களஞ்சியத்தின் பிரதியொன்று வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறதா? தேவையற்ற தனிப்பட்ட விபரங்கள் அதில் ஏன் இன்னும் இருக்கின்றன? தளமொன்றை அமைக்க ஒப்பந்தம் செய்யும்போது, எல்லா இடங்களிலும் முன்னமைத்த கட்டளைகளே பயன்படுத்தப்பட வேண்டும் என ஒரு வரியும், ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒரு தொகையும் சேர்க்கப்பட வேண்டும். எவரும் பார்க்காத, எவரும் பராமரிக்காத தளத்தை மூடிவிடுவது அவமானமல்ல. அதுவே பொறுப்பான செயல்.

ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை பயிலும் மாணவர்கள் இருக்கின்றனர். உரிமையாளர்களின் எழுத்துமூல அனுமதியுடனும் விரிவுரையாளர்களின் மேற்பார்வையுடனும், இப்பிரதேசத்தின் பாடசாலைகள், சங்கங்கள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றின் தளங்களை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தால், மாணவர்களுக்குப் பயிற்சியும் மக்களுக்குப் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும். பதினேழு வயதுக்காரரின் திறமை சிறைக்கூடத்தில் முடியாமல் பயன்தரும் வழியும் அதுவே. இதனைப் பல்கலைக்கழக நிர்வாகத்தினதும் உள்ளூர்த் தலைமைகளினதும் கவனத்துக்குக் கொண்டுவருகின்றோம்.

எமது தளத்தின் தேடல் பகுதி இப்போது புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. பழைய பக்கங்கள் யுனிகோட்டுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. திருத்த வேலை முடிந்த அன்று, நாம் முதன்முதலாகத் தேடிப் பார்த்தது அந்த ஆசிரியர் தேடிய பெயரைத்தான். நடுவில் அச்சிறு குறியோடு, எழுத்துப் பிசகாமல், அப்பெயர் பட்டியலில் இருந்தது. அப்பக்கத்தைக் கோமாரிக்கு அனுப்பி வைத்தோம். மக்கள் எம்மிடம் ஒப்படைத்த பெயர்களைச் சிதையாமல் காப்பதும், தேடி வருபவருக்குக் கொடுப்பதும், தகாதவர் கையில் சேராமல் தடுப்பதும் எமது கடமையாகும். அக்கடமையில் நாம் ஒருமுறை தவறியிருந்தோம். பிறரும் தவறாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.